பாட்டுக்கு ஐந்து நிமிடம் கொடுங்கள்

புசா ரோடுப் பக்கம் நான் குடிவந்து முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. இந்தச் சாலைக்குப் பெயர் வந்த கதை நம்மில் பலருக்குத் தெரிந்திருக்காது. புசா என்பது பீகாரில் உள்ள ஓர் ஊர். அங்கே இருந்த விவசாய ஆராய்ச்சி நிலையம் 1934 பூகம்பத்தில் சேதமடைந்து போக, 1936இல் அதை டெல்லிக்கு மாற்றினார்கள். நிலையத்தோடு ஊர்ப் பெயரும் ரயிலேறி வந்துவிட்டது. நம்மைப் போலவே பிழைக்க வந்த பெயர் என்று நண்பர்களிடம் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

இந்தச் சாலையில், மெட்ரோ தூண்களுக்குக் கீழே, 2024 ஜூலைக் கடைசியில் மாணவர்கள் கூட்டம் கூட்டமாக உட்கார்ந்திருந்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஜூலை 27ஆம் தேதி பெய்த மழையில், பழைய ராஜேந்திர நகரில் ஒரு பயிற்சி நிலையத்தின் அடித்தளத்தில் இருந்த நூலகத்துக்குள் வெள்ளம் புகுந்து மூன்று பேர் இறந்து போனார்கள். மூவரும் ஐ.ஏ.எஸ். கனவோடு வந்த பிள்ளைகள். அந்தத் தெருக்களில் நம் ஊர்ப் பிள்ளைகளும் ஏராளம். அவர்களில் ஒருவன், திருநெல்வேலிப் பக்கத்துப் பையன், எங்கள் வீட்டு மாடியில் வாடகைக்கு இருந்தான். மூன்றாம் நாள் இரவு நனைந்து போய் வந்து நின்றான். வாயைத் திறந்தால் காற்றுதான் வருகிறது.

"கோஷம் போட்டுப் போட்டுத் தொண்டை போயிட்டு சார்" என்றான்.

என் மனைவி மிளகும் மஞ்சளும் போட்டுப் பால் காய்ச்சிக் கொடுத்தாள். அவன் குடிக்கும்போது, "பாட்டு ஒண்ணும் பாடலையாப்பா?" என்று சும்மா கேட்டு வைத்தேன்.

"இந்திக்காரப் பசங்க ஒண்ணு ரெண்டு பாடுதாங்க சார். நமக்கு என்ன தெரியும்? சினிமாப் பாட்டுதான் தெரியும்."

அன்றிரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன். முதலில், பாட்டைப் பற்றி எனக்கு என்ன தெரியும் என்று கேட்பவர்களுக்கு ஒரு விளக்கம். நான் சங்கீதம் படித்தவன் அல்ல. டிப்ளமா முடித்து 1981இல் ரயில்வேயில் சேர்ந்தவன். தண்டவாளம், ஜல்லி, ஸ்லீப்பர் இவைதான் என் உலகம். ஆனால் பாட்டு எதற்கு என்பதை நான் அங்கேதான் கற்றுக்கொண்டேன்.

52 கிலோ தண்டவாளம் என்றால் ஒரு மீட்டருக்கு 52 கிலோ. ஒரு துண்டு 13 மீட்டர் நீளம். ஆக 676 கிலோ. இருபது பேர் சேர்ந்து தூக்கினால் தலைக்கு 34 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. கணக்குச் சுலபம். ஆனால் ஒருவன் அரை விநாடி பிந்தினாலும் அவன் பாரம் பக்கத்தில் இருப்பவன் மேல் விழும். விரல் போகும், கால் போகும். அதனால் கேங்கில் ஒருவன் அடியெடுத்துக் கொடுப்பான், மற்றவர்கள் பதில் பாடுவார்கள், கடைசித் தாளத்தில் எல்லோரும் ஒன்றாக மூச்சுப் பிடித்துத் தூக்குவார்கள். நம் ஊரில் ஐலசா என்றால் இங்கே ஹைஷா. குரல் நன்றாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. நேரம் தப்பக்கூடாது, அவ்வளவுதான்.

நான் டெல்லியை அடுத்த ஒரு பகுதியில் வேலை பார்த்த இரண்டாவது கோடை. ஜூன் மாத வெயில். கேங்கில் பீகார், கிழக்கு உத்தரப்பிரதேச ஆட்கள். அடியெடுத்துக் கொடுப்பவன் ஒரு நாள் புதிதாக ஏதோ பாடினான். போஜ்புரி. எனக்கு இந்தியே அப்போது தட்டுத் தடுமாறித்தான் வரும். ஏதோ பக்திப் பாட்டு என்று நினைத்துத் தலையை ஆட்டிக்கொண்டு நின்றேன். இருபது பேரும் சிரித்துக்கொண்டே தூக்கினார்கள். சாயங்காலம் கீமேனைத் தனியாக அழைத்து அர்த்தம் கேட்டேன். அவன் தயங்கித் தயங்கிச் சொன்னான். மதராஸி பாபுவின் பிளாஸ்கில் ஐஸ் தண்ணீர் குலுங்குகிறதாம். அந்தச் சத்தத்தைக் கேட்டே எங்கள் தாகம் தீர வேண்டுமாம். இதுதான் சாரம். மற்ற வரிகளை இங்கே எழுத முடியாது.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் யார் மேல் நடவடிக்கை எடுப்பது? வேலையில் ஒரு குறையும் இல்லை. அன்று வழக்கத்தைவிட வேகமாகவே முடிந்திருந்தது. உண்மை என்னவென்றால், வேலை நடக்கும் இடத்துக்குத் தண்ணீர் கேட்டு அவர்கள் கைநாட்டு வைத்துக் கொடுத்த மனு என் மேசையில் மூன்று வாரமாகக் கிடந்தது. படித்துப் பார்த்து, சரி பிறகு பார்க்கலாம் என்று மற்றக் காகிதங்களுக்கு அடியில் வைத்தவன் நான்தான். வேறு யாரையும் குறை சொல்வதற்கில்லை. மறுநாள் காலை டிராலியில் தண்ணீர் டிரம் ஏறியது. அதற்கப்புறம் அந்தப் பாட்டை அவர்கள் பாடவில்லை. வேறு யாரையோ பற்றிப் பாடினார்கள்.

எதிர்ப்புப் பாட்டு சமூகத்தை மாற்றுமா என்று பெரியவர்கள் மேடையில் விவாதிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த பிளாஸ்க்தான் நினைவுக்கு வரும். மனு என்னை அசைக்கவில்லை. இருபது பேர் என் முகத்துக்கு நேரே சிரித்ததுதான் அசைத்தது.

நம் தமிழ்நாட்டுச் சரித்திரத்திலும் இதே கதைதான். 1930இல் ராஜாஜி தலைமையில் சுமார் நூறு தொண்டர்கள் ஏப்ரல் 13ஆம் தேதி திருச்சியிலிருந்து உப்பெடுக்கக் கிளம்பி 28ஆம் தேதி வேதாரண்யம் போய்ச் சேர்ந்தார்கள். சித்திரை வெயிலில் பதினைந்து நாள் நடை. அவர்களுக்குச் சோறு போட்டால் தண்டனை என்று தஞ்சைக் கலெக்டர் தார்ன் உத்தரவு போட்டிருந்தார். ஜனங்கள் மரக்கிளைகளில் சோற்றுப் பொட்டலங்களைக் கட்டித் தொங்கவிட்டார்கள் என்று படித்திருக்கிறோம். அந்த நடைக்காகவே நாமக்கல் ராமலிங்கம் பிள்ளை பாட்டு எழுதிக் கொடுத்தார். பதினைந்து நாள் கோஷம் போட்டு நடக்க முடியாது, அன்பர்களே. மாடி வீட்டுப் பையனுக்கு மூன்றாம் நாளே தொண்டை போய்விட்டது. பாட்டென்றால் ஒருவர் பாட மற்றவர் ஓய்வெடுக்கலாம். காலும் அதற்கேற்ப எட்டு வைக்கும்.

விசுவநாத தாஸ் என்று ஒரு நாடக நடிகர் இருந்தார். சிவகாசிக்காரர், மருத்துவர் குலத்தில் பிறந்தவர். அந்தப் பிறப்பைக் காரணம் காட்டி அவரோடு ஜோடியாக நடிக்க மறுத்த நடிகைகள் உண்டு. வள்ளி திருமணம் நாடகத்தில் முருகனாக வருவார். தினைப்புனத்துப் பறவைகளை ஓட்டுகிற காட்சியில் வெள்ளைக் கொக்கைப் பாடுவார். சபை முழுவதும் வெள்ளைக்காரனை நினைத்துக் கை தட்டும். பாட்டை எழுதியவர் மதுரகவி பாஸ்கரதாஸ். எழுதப் படிக்கத் தெரியாத ஜனங்களுக்குச் சுதந்திரப் போராட்டத்தை இப்படிப்பட்டவர்கள்தான் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். எத்தனையோ முறை ஜெயிலுக்குப் போனார். 1940 டிசம்பர் கடைசி நாள் இரவு, சென்னையில், முருகன் வேஷத்தோடு மேடையிலேயே உயிர் விட்டார். இவர் பெயரில் டெல்லியில் நாம் ஒரு நிகழ்ச்சியாவது நடத்தியிருக்கிறோமா என்று யோசித்துப் பார்க்கிறேன். நான் போன நிகழ்ச்சிகளில் இல்லை.

பாரதியாரை மட்டும் விடுவதில்லை. ஆண்டுதோறும் மாறுவேடப் போட்டியில் நாலு குட்டிப் பாரதிகளாவது வருகிறார்கள். என் பேத்தி பாரதி பாட்டைத் தேவநாகரியில் எழுதி வைத்துக்கொண்டுதான் மனப்பாடம் செய்கிறாள். அதைக் குறை சொல்லவில்லை, எந்த எழுத்தில் படித்தால் என்ன. ஆனால் அந்தப் பாட்டு ஒரு காலத்தில் என்னவாக இருந்தது என்பதை நாம் குழந்தைகளுக்குச் சொல்வதில்லை. 1907இல் வி.கிருஷ்ணசாமி ஐயர் பாரதியின் மூன்று பாடல்களை 15,000 பிரதிகள் அச்சிட்டு இலவசமாக வழங்கச் செய்தார். அவர் மிதவாதி, பாரதியின் கட்சிக்கு எதிர்க்கட்சி. கட்சியை மீறிப் பாட்டு அவரைப் பிடித்துக்கொண்டது. பாரதி காலமாகி ஏழு வருஷம் கழித்து, 1928இல், முதலில் பர்மா அரசாங்கமும் அதைத் தொடர்ந்து சென்னை அரசாங்கமும் அவர் பாட்டுப் புத்தகங்களைப் பறிமுதல் செய்தன. சட்டசபையில் சத்தியமூர்த்தி எழுந்து வாதாடினார். செத்துப்போன ஒரு கவிஞனின் நாலணாப் புத்தகத்துக்கு ஒரு சாம்ராஜ்யம் ஏன் பயப்பட வேண்டும்? இதைக் கேட்ட என் பேத்தி, "அப்போ நான் பாடினா போலீஸ் வருமா தாத்தா?" என்றாள். வராது கண்ணு என்றேன். சொல்லும்போதே மனதுக்கு என்னவோ போல் இருந்தது.

பள்ளிக்கூடத்தில் அவள் தினமும் 'ஹம் ஹோங்கே காம்யாப்' பாடுகிறாள். கிரிஜா குமார் மாத்தூர் இந்தியில் எழுதியது. அதன் மூலப்பாட்டு அமெரிக்கக் கறுப்பர்களின் தேவாலயத்திலிருந்து கிளம்பி, 1945இல் சார்ல்ஸ்டன் நகரப் புகையிலை ஆலையில் வேலைநிறுத்தம் செய்த பெண்களின் வாய் வழியாக உலகம் சுற்றி வந்தது. கரோல் பாகில் காலை எட்டு மணிக்குச் சீருடை போட்ட பிள்ளைகள் பாடுகிறார்கள். பாட்டு எங்கே கிளம்பி எங்கே வந்து சேரும் என்று யாரும் டிக்கெட் எழுதிக் கொடுக்க முடியாது.

இனி, தூக்கம் வராத காரணத்தைச் சொல்ல வேண்டும்.

1990களின் நடுவில் நான் ஓர் அமைப்பின் கலை நிகழ்ச்சிக் குழுவில் ஐந்து பேரில் ஒருவனாக இருந்தேன். எந்த அமைப்பு என்பது இங்கே தேவையில்லை. பொங்கல் விழாவுக்குப் பாட விரும்புவதாக ஓர் ஆராய்ச்சி மாணவர் வந்தார். கையில் ஒரு கேஸட். இன்குலாப் எழுதி கே.ஏ.குணசேகரன் பாடிய 'மனுசங்கடா'. 1968 டிசம்பர் 25ஆம் தேதி கீழ்வெண்மணியில் 44 பேரைக் குடிசைக்குள் வைத்து எரித்தார்களே, அந்தக் கொடுமையிலிருந்து பிறந்த பாட்டு. டேப் ரிக்கார்டரில் போட்டுக் கேட்டோம். முடிந்ததும் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு பேச்சு ஆரம்பித்தது. பண்டிகை நாளில் இது எதற்கு? குடும்பத்தோடு வருகிறார்கள். முன் வரிசையில் அதிகாரிகள் இருப்பார்கள். ஜாதிப் பிரச்சினையை டெல்லி வரைக்கும் தூக்கிக்கொண்டு வரவேண்டுமா? வந்த இடத்தில் வம்பு வேண்டாமே. இரண்டு பேர் பாடட்டும் என்றார்கள், இரண்டு பேர் கூடாது என்றார்கள். ஐந்தாவது ஆள் நான். கூடாது என்று சொன்னேன்.

அந்த மாணவர் ஒன்றும் வாதாடவில்லை. கேஸட்டைக் கைக்குட்டையில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டார். விழாவுக்கு வருவார் என்று நினைத்தேன், வரவில்லை. அவருக்கு ஒதுக்கியிருக்க வேண்டிய நேரத்தில் ஒரு சினிமாப் பாட்டுக்கு எட்டுக் குழந்தைகள் ஆடினார்கள்.

நம்மவர்களின் பயத்தை நான் கேலி செய்யவில்லை. சர்க்கார் உத்தியோகம், நடத்தை விதிகள், வாடகை வீடு, வேற்று மொழி. 1984 நவம்பரில் இந்த நகரத்தில் நடந்ததைக் கதவிடுக்கு வழியாகப் பார்த்தவர்கள் நம்மில் இருக்கிறார்கள். தலையைக் குனிந்து வேலையைப் பார்த்துப் பிள்ளைகளைப் படிக்க வைத்த தலைமுறை நாம். ஆனால் அந்த எச்சரிக்கைக்கு ஒரு விலை உண்டு. நம் ஊரில் யார் எதற்காக அழுதார்கள், யார் எதை எதிர்த்துப் பாடினார்கள் என்று தெரியாமலே இங்கே ஒரு தலைமுறை வளர்ந்துவிட்டது. நெல்லைப் பையன் ஊரிலேயே வளர்ந்தவன். அவனுக்கே சினிமாப் பாட்டுதான் தெரியும் என்றால் நம் பிள்ளைகளைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

பாட்டு எல்லாவற்றையும் சாதித்துவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. கீழ்வெண்மணி வழக்கில் தண்டனை பெற்ற நிலச்சுவான்தாரரை 1973இல் உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. எந்தப் பாட்டும் அதை மாற்றவில்லை. என் சொந்த அனுபவத்திலேயே ஒன்று உண்டு. நான் பொன்மலையில் பிறந்து வளர்ந்தவன், அப்பா ஒர்க்‌ஷாப்பில் பிட்டர். 1974 மே 8ஆம் தேதி ரயில்வே ஸ்ட்ரைக் தொடங்கியபோது எனக்கு வயது பதினான்கு. ஆண்கள் பலர் தலைமறைவு. எங்கள் லைனில் பெண்கள் சாயங்காலம் தெருக்குழாயடியில் கூடி, காலிக் குடத்தைத் தட்டிப் பாடுவார்கள். தாலாட்டு மெட்டு, புதுச் சொற்கள். 27ஆம் தேதி ஸ்ட்ரைக் வாபஸ் ஆயிற்று, கேட்டது கிடைக்கவில்லை. அப்பா தலை குனிந்து வேலைக்குத் திரும்பினார். ஆனால் அம்மா அந்தப் பாட்டை விடவில்லை. பல வருஷம் கழித்தும் மாவரைக்கும்போது முணுமுணுப்பாள். அப்பா இருந்தால் மட்டும் பாடமாட்டாள்.

எப்போது பலிக்கிறது என்றால், கீழே ஜல்லி கெட்டித்திருக்கும்போது. கொடைக்கானல் பாதரச விவகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். யூனிலீவர் குழுமத்தின் தெர்மாமீட்டர் தொழிற்சாலை 2001இல் மூடப்பட்டது. பாதரசத்தால் உடல் கெட்டதென்று சொன்ன தொழிலாளர்கள் 2006இல் சென்னை உயர் நீதிமன்றம் போனார்கள். வருஷங்கள் ஓடின. 2015 ஜூலைக் கடைசியில் சென்னைப் பெண் சோஃபியா அஷ்ரஃப் ஆங்கிலத்தில் ஒரு ராப் பாட்டுப் பாடி இணையத்தில் விட்டார். சில நாட்களில் லட்சக்கணக்கானவர்கள் பார்த்தார்கள். கம்பெனியின் லண்டன் தலைமையிடம் வரை பதில் சொல்ல வேண்டியதாயிற்று. 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களுடன் ஒப்பந்தம் கையெழுத்தானது. அந்தப் பாட்டு எனக்குப் பிடிக்கவில்லை, காதுக்கு ஏதோ சண்டை போடுவது போலத்தான் இருந்தது. ஆனால் அது பிடிக்க வேண்டியவன் நான் அல்லவே. பதினைந்து வருஷம் தொழிலாளர்கள் கெட்டித்து வைத்த பாதையில் அது ஓடிற்று. அந்தப் பதினைந்து வருஷம் இல்லாமல் பாட்டு மட்டும் இருந்திருந்தால் ஒரு வாரத்தில் மறந்திருப்பார்கள்.

அதே 2015 அக்டோபரில் மதுக்கடைகளை மூடச் சொல்லிப் பாடிய கோவனைத் திருச்சியில் நள்ளிரவில் கைது செய்தார்கள். ராஜத்துரோக வழக்கு, 124ஏ. திலகர் மேல் போட்ட அதே பிரிவு. முதலமைச்சரை அவர் கிண்டல் செய்த விதத்தில் நயம் குறைவு என்று எனக்கும் பட்டது. அதற்காக ராஜத்துரோகமா? என் கேங்கின் பாட்டில் மட்டும் நயம் நிறைய இருந்ததா என்ன! கைதுக்கு முன் அந்தப் பாட்டைக் கேட்டிராத நானே கைதுக்குப் பிறகுதான் தேடிக் கேட்டேன்.

டெல்லியிலும் நடந்தது. 2018 நவம்பரில் டி.எம்.கிருஷ்ணா நேரு பார்க்கில் பாட இருந்த கச்சேரியிலிருந்து, எதிர்ப்பு கிளம்பியதும், விமான நிலைய ஆணையம் விலகிக்கொண்டது. பிறகு டெல்லி அரசு சாகேத் பக்கத்தில் உள்ள பூங்காவில் அதே 17ஆம் தேதி அவரைப் பாட வைத்தது. நம்மவர்கள் சிலர் போனோம். பலர், அதெல்லாம் அரசியல் என்று வீட்டில் இருந்துவிட்டார்கள்.

கரோல் பாக் மெட்ரோவில் ஏறினால் மூன்றாவது நிலையம் ஷாதிபூர். அங்கே ஒரு சின்ன சந்தில் ஸ்டூடியோ சஃப்தர் என்ற அரங்கம் இருக்கிறது. 1989 ஜனவரி முதல் தேதி, சாஹிபாபாத் தொழிலாளர் குடியிருப்பில் தெரு நாடகம் போட்டுக்கொண்டிருந்த சஃப்தர் ஹாஷ்மியைத் தாக்கினார்கள். மறுநாள் இறந்தார். நான்காம் தேதி அவர் மனைவி மலயஸ்ரீயும் குழுவினரும் அதே இடத்துக்குப் போய் நின்றுபோன நாடகத்தை முழுதாக ஆடி முடித்தார்கள். அந்த வாரம் நான் லைனில் இருந்தேன். பத்திரிகையில் படித்துவிட்டு, இந்தப் பெண்ணுக்கு எவ்வளவு நெஞ்சுரம் என்று சொல்லிக் காகிதத்தை மடித்து வைத்ததோடு சரி. ஐந்தாறு வருஷம் கழித்து ஒரு கேஸட்டுக்கு ஐந்து நிமிடம் கொடுக்க மறுத்தவனும் அதே நான்தான்.

ஆகவே விழாக் குழுவினருக்கு ஒரு விண்ணப்பம். வரும் பொங்கல் விழாவில் ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். கச்சேரி செய்பவர்கள் வேண்டாம். எதையாவது எதிர்த்து உண்மையில் பாடியவர்கள், அல்லது அப்படிப் பாடியவர்களின் பிள்ளைகள் வந்து பாடட்டும். ஜே.என்.யு. மாணவர்களைக் கேளுங்கள், கட்டட வேலைக்கு வந்திருக்கும் நம் ஊர்க்காரர்களைக் கேளுங்கள். ஒருவர் பிறப்பையோ பெண்களையோ இழிவாகப் பேசும் பாட்டு கூடாது என்று நிபந்தனை போடலாம், அதில் எனக்கு உடன்பாடே. அதற்கு மேல் டேப்பில் போட்டுக் கேட்டு ஓட்டெடுக்க வேண்டாம். முன் வரிசை அதிகாரிகளைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்; அவர்களும் பள்ளிக்கூடத்தில் 'ஹம் ஹோங்கே காம்யாப்' பாடி வந்தவர்கள்தான். மைக் வாடகையை நான் தருகிறேன். அந்த ஆராய்ச்சி மாணவர் இப்போது எங்கே இருக்கிறாரோ, இதைப் படிக்க நேர்ந்தால் முதல் வாய்ப்பு அவருக்கே. மன்னிப்பையும் அன்று நேரில் கேட்டுக்கொள்கிறேன்.

மாடிப் பையனுக்குத் தொண்டை சரியாகிவிட்டது. இன்னொரு முறை பரீட்சை எழுதத் தயார் செய்துகொண்டிருக்கிறான். போன ஞாயிற்றுக்கிழமை கீழே வந்து, "அந்த கேங்மேன் பாட்டைச் சொல்லித் தாங்க சார்" என்றான். மெட்டு நன்றாக ஞாபகம் இருக்கிறது. சொற்களில் இரண்டு வரிதான் நினைவில் நிற்கிறது. இரண்டும் என் பிளாஸ்கைப் பற்றியவை. சொல்லிக் கொடுத்தேன்.